கல்லறையிலும் இடமில்லை என்றால் யார் உள்ளே வருவார்கள்? திருச்சபைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுத் திருச்சபைகளின் பேராயர்களுக்கும், குருவானவர்களுக்கும், சேகர கமிட்டி உறுப்பினர்களுக்கும்,

சென்ற மாதம் எங்கள் சேகரத்தில், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கும் சபைப் பகுதியில், ஞாயிறு ஆராதனை முடிந்து அறிவிப்புகள் வாசிக்கும்போது கமிட்டித் தீர்மானம் ஒன்றையும் வாசித்தார்கள். ஞானஸ்நானம் பெற்று, பதிவேட்டில் பெயர் ஏறி, சந்தா பாக்கி இல்லாமல் கட்டிவருகிறவர்களுக்கு மட்டுமே இனிக் கல்லறைத் தோட்டத்தில் இடம். மற்றவர்கள் எத்தனை வருஷம் ஆலயத்துக்கு வந்திருந்தாலும் கிடையாது. அடக்க ஆராதனையும் கிடையாது. இப்படிக் கண்டிப்பாக இருந்தால்தான் அரைமனதாக இருக்கிறவர்கள் முழுமனதோடு இரட்சிப்புக்குள் வருவார்கள் என்று தீர்மானத்துக்குக் காரணமும் சொன்னார்கள்.

இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தேன், பதில் இல்லை. அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் பொதுவில் எழுதுகிறேன். சேகரத்தின் பெயரைச் சொல்லவில்லை. ஒரு சேகரத்தோடு முடிகிற விஷயமாக இருந்தால் உள்ளுக்குள்ளேயே பேசி முடித்திருப்பேன்.

இந்தத் தீர்மானம் யாரை வைத்து வந்தது என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் அடுத்த தெருவில் இருந்த ஒரு அம்மா, நான் மதினி என்று கூப்பிடுவேன், கார்த்திகை மழையில் இறந்துபோனார். வீட்டு ஜெபக்கூட்டத்தில் அவர் என்னோடு வளர்ந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. மகள் வாசிக்கக் கேட்டுக் கேட்டே சங்கீதங்களை மனப்பாடமாகச் சொல்லுவார். லெந்து என்கிற தவக்கால நாட்களில் வீடு வீடாக நடக்கும் ஜெபத்துக்கு முதல் ஆளாக வந்து பாய் விரிப்பார். அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்துக்கு எல்லோரும் முன்னே போகும்போது, அவர் மட்டும் கடைசி பெஞ்சில் மற்றவர்களுடைய கைப்பிள்ளைகளை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போனவர்கள் திரும்பி வந்து பிள்ளைகளை வாங்கிக்கொள்வார்கள். அத்தனை வருஷமும் இதுதான் அவருக்கு நடந்த திருவிருந்து.

அவர் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டபோது ஒரு தடவை சொன்னார்: "பையன் குரூப் 4 எழுதி வேலைக்குப் போயிருக்கான். நான் போய் பேர் மாத்தி எழுதி வச்சா நாளைக்கு எவனாவது மொட்டைப் பெட்டிசன் போடுவான். இயேசப்பாவுக்கு என் மனசு தெரியும்மா."

அவர் இறந்த அன்று மகன் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டார். பதிவேட்டில் பெயர் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். ஊர் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனால், அங்கே உறவுக்காரர்கள் சிலர் "வேதக்காரியை இங்கே ஏன் கொண்டுவருகிறீர்கள்" என்று நின்றுகொண்டார்கள். மணிக்கணக்காகப் பேசித்தான் புதைக்க முடிந்தது. சபையின் சார்பில் யாரும் ஜெபிக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால், பெண்கள் நாங்களே ஒரு பாட்டுப் பாடி, கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லி முடித்தோம். பிறகு வந்ததுதான் இந்தத் தீர்மானம், இனி யாரும் இப்படி வந்து கேட்கக் கூடாது என்பதற்காக.

மதினியிடம் விசுவாசம் குறைவாக இருந்தது என்று நீங்கள் நினைத்தால் அவரைத் தடுத்தது எது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

1950 ஆகஸ்டு 10ஆம் தேதி வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுகிறவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். கல்வி உதவித்தொகை போன்ற சில சலுகைகளை மாநில அரசு தருகிறது, அது உண்மை. ஆனால் வேலைக்குப் போகும்போது 18 சதவீதப் பட்டியல் சாதி ஒதுக்கீடு போய், தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூடம் பார்த்தவர்களோடு 26.5 சதவீதத்துக்குள் போட்டி போட வேண்டும். தனித்தொகுதியில் நிற்க முடியாது. யாராவது சாதி சொல்லி அடித்தால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கிடைக்காது. அடித்தவன் மதத்தைப் பார்த்து அடிக்கவில்லை என்றாலும் அப்படித்தான்.

2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. குழந்தையாக இருக்கும்போதே ஞானஸ்நானம் பெற்றவர், ஆலயத்துக்குப் போகிறவர், எழுத்தர் வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின் மேல் செய்யும் மோசடி என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்தச் செய்தி தினசரியில் வந்த வாரம் எங்கள் ஜெபக்கூட்டத்துக்கு ஆள் குறைந்தது. வந்தவர்களும் கதவைச் சாத்தச் சொன்னார்கள்.

இப்போது என்னுடைய சான்றிதழைப் பார்ப்போம். நான் கிறிஸ்தவ நாடார். என் தாத்தாவின் அப்பா ஞானஸ்நானம் பெற்றாரா இல்லையா என்பதால் எனக்கு ஒதுக்கீட்டில் எந்த வித்தியாசமும் இல்லை. தமிழ்நாட்டுப் பட்டியலில் நாடார் என்ற பிரிவே கிறிஸ்தவ நாடாரையும் சேர்த்துத்தான் இருக்கிறது. எங்கள் கமிட்டியில் தீர்மானத்துக்குக் கைதூக்கியவர்களில் பெரும்பாலானவர்கள் என்னைப் போன்றவர்கள்தான். ஞானஸ்நானத் தொட்டியில் இறங்க எங்களுக்கு ஆன செலவு ஒரு வெள்ளைத் துணி. மதினிக்கு அதே தண்ணீருக்கு மகனின் சம்பளத்தையே பணயம் வைக்க வேண்டும் என்ற பயம் இருந்தது. இரண்டு பேரையும் ஒரே தராசில் நிறுத்தி, ஒருவருக்கு முழுமனது, இன்னொருவருக்கு அரைமனது என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஒரு தாய் ஞானஸ்நானம் பெற்றதால் மட்டுமே வளர்ந்த மகனின் சான்றிதழ் போய்விடுமா? சட்டம் அந்தந்த ஆள் எந்த மதத்தைப் பின்பற்றுகிறார் என்றுதான் பார்க்கிறது. இதை விவரம் தெரிந்த ஒரு வழக்கறிஞரைக் கூட்டிவந்து மதினிக்கு விளக்கிச் சொல்ல சபையில் ஒரு ஏற்பாடும் இருந்ததில்லை. கன்வென்ஷன் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் வருஷா வருஷம் பட்ஜெட் போடுகிற கமிட்டிதான் எங்களுடையது.

பெண்களின் நிலைமை இன்னும் சிக்கல். இதைப் பிரசங்க மேடையில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. கணவன் இந்துவாகவும் மனைவி மட்டும் விசுவாசியாகவும் இருக்கிற வீடுகள் எங்கள் பகுதியில் நிறைய. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவில், மனைவி வேறு மதத்துக்கு மாறினால் அதைச் சொல்லியே கணவன் விவாகரத்துக் கேட்கலாம். 1956ஆம் ஆண்டு ஜீவனாம்சச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி, மதம் மாறிய மனைவி அந்தச் சட்டத்தின் கீழ் தனியே வாழ்ந்துகொண்டு ஜீவனாம்சம் கேட்கும் உரிமையை இழக்கிறாள். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனிடமிருந்து ஒருநாள் தப்பிக்க வேண்டி வரலாம் என்று தெரிந்த பெண்ணுக்கு, ஞானஸ்நானச் சான்றிதழ் அவன் கையில் கொடுக்கிற ஆயுதமாகிவிடும். அவள் ஞாயிற்றுக்கிழமை காலையில் மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஆலயத்துக்கு வருகிறாள், பூவையும் பொட்டையும் எடுக்காமலே. உடனே நம் பெண்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். பொட்டு வைத்துக்கொண்டு ஜெபிக்க வருகிறாளே என்று ஒரு மூத்த அம்மா காதுபடவே சொன்னார். அந்தப் பெண் அதற்கு அடுத்த வாரம் வரவில்லை.

சிலுவையைச் சுமக்காதவன் சீஷனாக முடியாது என்று கர்த்தர் சொல்லியிருக்கிறாரே என்று நீங்கள் கேட்கலாம். சொல்லியிருக்கிறார், நானும் நம்புகிறேன். எல்லாவற்றையும் இழந்து ஞானஸ்நானம் பெற்றவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் காலில் விழுந்து கும்பிடலாம். ஆனால் அதே வேதத்தில் சீரியப் படைத்தலைவன் நாகமானும் இருக்கிறான். குஷ்டம் நீங்கி இஸ்ரவேலின் தேவனே தேவன் என்று அறிக்கை செய்த பிறகு, என் எஜமான் ரிம்மோன் கோவிலில் பணியும்போது நானும் அவனோடு பணிய வேண்டியிருக்கும், அதைக் கர்த்தர் மன்னிப்பாராக என்று கேட்டான். எலிசா அவனை விரட்டவில்லை, சமாதானத்தோடே போ என்றார். அரிமத்தியாவூர் யோசேப்பு யூதருக்குப் பயந்து மறைவாகச் சீஷனாக இருந்தான் என்று யோவான் எழுதியிருக்கிறார். வெளிப்படையாகப் பின்பற்றியவர்கள் ஓடிப்போன சாயங்காலத்தில் பிலாத்துவிடம் போய்ச் சரீரத்தைக் கேட்டவன் அவன்தான். கர்த்தரை வைத்தது அவனுடைய புதுக் கல்லறையில். மறைவாகச் சீஷனாக இருந்தவன் ஆண்டவருக்கே கல்லறை கொடுத்திருக்கிறான். மறைவாகச் சீஷியாக இருந்தவளுக்கு ஆறடி மண் இல்லை என்று நம் கமிட்டி தீர்மானம் போடுகிறது.

கத்தோலிக்கத் திருச்சபை இந்த விஷயத்தில் எழுத்திலேயே தெளிவாக இருக்கிறது. ஞானஸ்நானத்துக்காக ஆயத்தமாகிக்கொண்டிருப்பவர்களை அடக்கச் சடங்கைப் பொறுத்தவரை விசுவாசிகளாகவே கருத வேண்டும் என்கிறது அவர்களுடைய திருச்சபைச் சட்டத்தின் 1183ஆம் விதி. நம் சேகரங்களில் இதற்கு ஒரு வரி விதியும் இல்லாததால், கமிட்டியில் யாருடைய குரல் பெரிதோ அதுவே சட்டமாகிவிடுகிறது.

இப்படிப்பட்ட விசுவாசிகள் புதிதாக முளைத்தவர்களும் கிடையாது. சிவகாசிப் பக்கம் நாடார் குடும்பத்துப் பெண்கள் ஞானஸ்நானம் பெறாமல், வீட்டுக்குள் மறைவாக, தலைமுறைகளாகக் கிறிஸ்துவை வணங்கிவந்ததை ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். 1980களில் சென்னை குருகுல் இறையியல் கல்லூரியில் இருந்த ஹெர்பர்ட் ஹோஃபர் என்ற லுத்தரன் போதகர், சென்னையிலும் கிராமங்களிலும் ஞானஸ்நானம் பெறாத விசுவாசிகளைத் தேடிப் போய்ப் பேசி, அவர்கள் பெருங்கூட்டமாக இருப்பதைக் காட்டினார். அவருக்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர் சொல்லியாகிவிட்டது. சபைகளின் விதிப் புத்தகங்களில் எதுவும் மாறவில்லை.

அப்புறம், உள்ளே வந்தவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதையும் வெளியே நிற்கிறவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இதைச் சொல்லத்தான் எனக்கு மிகவும் வருத்தம்.

திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களையும் மற்றவர்களையும் பிரித்து நின்ற சுவரைப் பற்றி ஊரெல்லாம் பேசியது. எறையூரில் 2008 மார்ச் மாதம் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்குச் சபை வேண்டும் என்று கேட்டதில் கலவரம் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்துப்போனார்கள். ஒரே ஜெபமாலை, ஒரே நற்கருணை, ஆனால் பிணம் போகிற பாதைகூட வேறு. வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கமாக இரண்டு கால் வைத்துக் கட்டிய ஆலயத்தைக் கால்சட்டைக் கோவில் என்றே சொல்லுவார்கள். சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைகளும் தப்பித்துக்கொள்ள முடியாது. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதியை உடனே விட்டொழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் சாதியை விடுவதற்குப் பதிலாக ஆலயத்தை விட்டு வெளியே போனவர்கள் ஏராளம். 190 வருஷம் தாண்டியும், பேராயர் தேர்தல் வந்தால் எந்தச் சாதிக்கு எத்தனை ஓட்டு என்றுதான் நம் ஆட்கள் கணக்குப் போடுகிறார்கள். கல்யாண விளம்பரத்தில் சபையின் பெயருக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரும் வருகிறது.

எங்கள் ஊரில் கல்லூரி முடித்த தம்பி ஒருவர், அருந்ததியர் குடும்பம், வேதத்தை நன்றாகப் படித்தவர். ஞானஸ்நான வகுப்புக்கும் வந்தார். முடிவில் என்னிடம் கேட்டார்: "அக்கா, சர்டிபிகேட் போனாலும் பரவாயில்லை. ஆனா உங்க சபையில எனக்கு யாரு பொண்ணு கொடுப்பா? உங்க கமிட்டியில எங்க ஆள் ஒருத்தராவது இருக்காரா?" நான் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் பதில் அவருக்கே தெரியும். அவர் இயேசுவை விட்டுப் போகவில்லை. நம்மிடம் வரவில்லை, அவ்வளவுதான்.

இதிலே பெரிய வேதனை ஒன்று இருக்கிறது. 1985இல் சூசை என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளியின் வழக்கில் உச்ச நீதிமன்றம், மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதுமான ஆதாரம் காட்டப்படவில்லை என்று சொல்லி மனுவைத் தள்ளியது. அந்த ஆதாரம் நம் கையில்தான் இருக்கிறது. நம் கல்லறைகளிலும் கமிட்டிகளிலும் இருக்கிறது. 1950 ஆணை வந்த ஆகஸ்டு 10ஐக் கருப்பு நாளாக அனுசரித்து, ஞானஸ்நானம் பெற்றாலும் சாதிக் கொடுமை போகவில்லை, பட்டியல் சாதி உரிமையைத் தா என்று அரசாங்கத்திடம் கேட்கிறோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நம்மிடம் சாதியே கிடையாது என்று பிரசங்கிக்கிறோம். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் கிறிஸ்தவர்களுக்கான கொள்கை ஆவணம் வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டமன்றமே தலித் கிறிஸ்தவர்களுக்கு உரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. ஒரு சட்டமன்றம் அவர்களுக்காகத் தீர்மானம் போட முடிகிறபோது, ஒரு சேகர கமிட்டி அவர்களுக்கு எதிராகத் தீர்மானம் போடுகிறது.

எத்தியோப்பிய மந்திரி வழியில் தண்ணீரைக் கண்டதும், நான் ஞானஸ்நானம் பெற என்ன தடை என்று பிலிப்புவிடம் கேட்டான். அதே கேள்வியை இன்று எங்கள் ஊர்க்காரர் ஒருவர் உங்களிடம் கேட்டால், பாவம், உலக ஆசை, விக்கிரகம் என்று மட்டும் பட்டியல் கொடுக்காதீர்கள். எங்கள் சபையும் ஒரு தடை என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு அதை நீக்குங்கள்.

என் கோரிக்கைகள் இவை.

முதலில், கல்லறை. கிறிஸ்துவை நம்பி, ஆராதனைக்கும் ஜெபத்துக்கும் வந்துகொண்டிருந்தவர் ஞானஸ்நானம் பெறாமல் இறந்தால், அவர் குடும்பம் கேட்கும்பட்சத்தில் கல்லறைத் தோட்டத்தில் இடமும் அடக்க ஆராதனையும் உண்டு என்று ஒவ்வொரு பேராயரும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். அதற்கு மாறான கமிட்டித் தீர்மானங்கள் செல்லாது என்றும் அதிலேயே எழுத வேண்டும். சந்தா பாக்கியைக் காரணம் காட்டிப் பிணத்தை நிறுத்திவைக்கும் வழக்கமும் அதோடு ஒழிய வேண்டும். சாதிக்குச் சாதி பிரித்த கல்லறைகளும் தனிப் பாதைகளும் எங்கெங்கே இருக்கின்றன என்று நீங்களே கணக்கெடுத்து வெளியிடுங்கள். எந்தத் தேதிக்குள் அவை போகும் என்பதையும் சொல்லுங்கள்.

ஒவ்வொரு திருமண்டலத்திலும் மறைமாவட்டத்திலும் ஞானஸ்நானம் பெற நினைக்கிறவர்களுக்கு இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்ல ஒரு வழக்கறிஞர் வேண்டும், பெண்களுக்குப் பெண் வழக்கறிஞர். சான்றிதழுக்கு என்ன ஆகும், பிள்ளைகளுக்கு என்ன ஆகும், சொத்தில் பங்கு போகுமா என்பதெல்லாம் ஒருவர் முடிவெடுக்கும் முன்னால் அவருக்குத் தெரிய வேண்டும். மதம் மாறியவரின் சொத்துரிமையை 1850ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் காப்பாற்றியிருக்கிறது, ஆனால் மாறிய பிறகு பிறக்கும் பிள்ளைகளுக்கு இந்து உறவினர் சொத்தில் வாரிசுரிமை இல்லை. இந்த விவரத்தை நான் ஒரு வழக்கறிஞர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். இது ஆலயத்தில் கிடைத்திருக்க வேண்டும். பொய்ச் சான்றிதழ் வாங்க வழி சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. உண்மையைச் சொல்லி, முடிவை அவரவர் கையில் விடுங்கள். அதுவரை காத்திருக்கிறவர்களின் பெயரை எந்தப் பதிவேட்டிலும் ஏற்றாமல், மற்றவர்களைப் போலவே மேய்த்து நடத்துங்கள், வீட்டுக்குப் போய் ஜெபியுங்கள்.

ஞானஸ்நானத்தால் தலித் குடும்பம் இழப்பதில் ஒரு பங்கையாவது சபை ஈடுகட்ட வேண்டும். அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவை வைத்து நாம் பள்ளிகளும் கல்லூரிகளும் நடத்துகிறோம், அதோடு மருத்துவமனைகளும் நடத்துகிறோம். அவற்றின் சேர்க்கையிலும் வேலை நியமனத்திலும் தலித் கிறிஸ்தவர்களுக்கு எத்தனை இடம் என்று எண்ணிக்கை போட்டு அறிவியுங்கள், வருஷா வருஷம் கணக்குக் காட்டுங்கள். சேகர கமிட்டியிலும் பெருமன்றத்திலும் அவர்களுக்கு இடம் உறுதியாக வேண்டும்.

உச்ச நீதிமன்றத்தில் 2004ஆம் ஆண்டு முதல் தலித் கிறிஸ்தவர்களுக்காகத் தொடரப்பட்ட வழக்குகளுக்கு, நம் சபைகளில் நடக்கும் சாதிப் பாகுபாட்டை நாமே பிரமாண வாக்குமூலமாக எழுதிக் கொடுக்க வேண்டும். அவமானமாகத்தான் இருக்கும். கொடுங்கள்.

கடைசியாக, பிரசங்க மேடையிலிருந்து 'அரைக் கிறிஸ்தவர்', 'இரண்டு தோணியில் கால் வைக்கிறவர்' என்று இந்த மக்களைக் குத்திப் பேசுவதை நிறுத்தும்படி உங்கள் குருவானவர்களுக்கும் உபதேசியார்களுக்கும் எழுத்தில் சொல்லுங்கள்.

வருகிற ஆகஸ்டு 10க்கு முன் கல்லறை பற்றிய சுற்றறிக்கையும், மற்ற கோரிக்கைகளுக்கு எழுத்தில் பதிலும் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பதிலை ஆலயத்தில், அறிவிப்பு நேரத்தில், எல்லோரும் கேட்க வாசிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தென் மாவட்டச் சேகரம் ஒன்றின் பெண்கள் ஐக்கிய சங்க உறுப்பினர்